மஞ்சள் தாளில் போட்ட கையெழுத்து

பைண்டிங் கடையில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, அதனால் வைத்த பேர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. மற்றவர்கள் ஒரு கட்டுத் தாளைத் தைத்து முடிப்பதற்குள் அவள் மூன்று கட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பியிருப்பாள். பேச்சும் அப்படித்தான், குத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "என்னைக் கட்டிக்கிறவன் விரல்ல முதல்ல உறை போட்டுக்கணும்"னு அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நாடு அப்போது வெள்ளைக்காரர் கையில் இருந்தது. கடைக்கு அடுத்த கட்டிடம் அரசாங்க அச்சகம். அங்கே அச்சடிக்கிற மனு, பதிவுப் பாரங்கள் எல்லாம் கட்டுக் கட்டாக இந்தக் கடைக்கு வரும். நூறு தாள் எண்ணி, ஓரத்தில் ஓட்டை போட்டு, தைத்து, முதுகில் பசை தடவி அட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும். எழுத்து முழுக்க இங்கிலீஷ். வேலை செய்த ஏழு பெண்களில் ஒருத்திக்கும் அது படிக்கத் தெரியாது. ஊசியக்காவுக்குத் தன் பேரை எழுதத் தெரியும், கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதனால் அவர்கள் தாளின் நிறத்தை வைத்துத்தான் பாரத்துக்குப் பேர் வைத்திருந்தார்கள். நீலம் என்றால் கோர்ட்டு. ரோஸ் என்றால் துறைமுகம். வெள்ளை போலீஸ். மஞ்சள் ஆஸ்பத்திரி. பத்து வருஷமாக இந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே உறவு தம்பி. ஆறு வயது இளையவன், முப்பத்திரண்டு வயது. நூல் மில்லில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த பாய்லர் வெடித்தது. கூட நின்ற ஆள் அங்கேயே போய்விட்டான். இவனுக்கு இடது கையில் ஒரு தீக்காயம் மட்டும். எல்லோரும் பிழைத்துக்கொண்டாய் என்றார்கள். ஆனால் அன்றையிலிருந்து அவன் காதில் ஒரு சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஆவி கசிகிறது, எங்கேயோ ஒரு திருகு லூசாகிவிட்டது. பக்கத்து வீட்டில் கெட்டில் கொதித்தால் போய் இறக்கி வைத்துவிட்டு வருவான். தெருக் குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்கி மூடிக்கொண்டே போவான். காலையில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள், "உன் தம்பி முடுக்குன குழாயைத் திறக்க ஒரு பயில்வான் வேணும்டி"னு சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் யாரும் அவனைத் தொந்தரவாக நினைக்கவில்லை. மில்லிலும் அவனுக்குத் துடைப்பத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அவன் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மில் சங்கைப் பிடித்து இழுத்தான். "வெளிய போங்க, வெளிய போங்க" என்று கத்தினான். எண்ணூறு பேர் வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. உண்மையிலேயே கசிவு இருந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. அரை நாள் வேலை கெட்டது. மில்லின் வெள்ளைக்காரத் துரை, மேஸ்திரியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

ஊசியக்கா நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. தம்பி சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றான். ஐந்தாம் நாள் காலை மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன் என்று பேர் எடுத்தவர். கூட இரண்டு பேர், சாட்சிக்கு.

"என்னம்மா, எப்படி இருக்கான்?"

"பாக்குறீங்கல்ல மேஸ்திரி. இப்படித்தான்."

"இங்கயே வச்சிருந்தா முத்திப்போயிடும். துரையே சொல்லிட்டாரு, நல்ல இடத்துல சேர்த்து வைத்தியம் பாக்கலாம்னு. டாக்டருங்க ரெண்டு பேரும் நேத்து வந்து பாத்துட்டுப் போனாங்கல்ல? நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். சொந்தக்காரங்க போட்டா கேள்வி கம்மி."

அவர் தாளை நீட்டினார். ஊசியக்கா அதை வாங்கி, வழக்கம்போல ஓரத்தை விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தாள். மஞ்சள். ஆஸ்பத்திரி பாரம். எத்தனை ஆயிரம் தைத்திருப்பாள். அவளுக்கு மூச்சே கொஞ்சம் லேசானது.

"பெரிய ஆஸ்பத்திரிதானே?"

"ஆஸ்பத்திரிதாம்மா," என்றார் மேஸ்திரி. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் பின்னால் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

தம்பி சுவரை விட்டு நகரவில்லை. அவள் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். மில் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேர் பதிகிறவன் நோட்டைப் புரட்டினான். இரண்டு தரம் புரட்டினான்.

"அப்படி யாரும் வரலியே."

"நேத்து காலைல மில் வண்டில வந்தான். கைல தீக்காயம் இருக்கும்."

"கைல, கால்ல, தலைல எல்லாம் காயம் இருக்கிறவங்கதான் இங்க வர்றாங்க. பேரு இல்லம்மா."

வார்டு வார்டாகப் போய்ப் பார்த்தாள். கட்டில் கட்டிலாகக் குனிந்து முகம் பார்த்தாள். இல்லை. மில்லுக்குப் போனாள். மேஸ்திரி உள்ளே வேலையாக இருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வேறு எங்கே போவதென்று தெரியாமல், கஞ்சிப் பாத்திரத்தோடு கடைக்கே வந்துவிட்டாள். உட்கார்ந்தால் கை தன்னால் வேலை செய்யும். கை வேலை செய்தால் தலை ஏதாவது யோசிக்கும் என்று நினைத்தாள்.

முன்னால் ஒரு மஞ்சள் கட்டு கிடந்தது. எண்ணி, தட்டி, ஆஸ்பத்திரி அடுக்கில் கொண்டுபோய் வைத்தாள்.

"யக்கா, அதை ஏன் அங்க வைக்கிற? அது கோர்ட்டு," என்றாள் பசை தடவுகிறவள்.

"மஞ்சளாத்தானே இருக்கு."

"நீ அஞ்சு நாளா வரல்ல, உனக்குத் தெரியாது. நீலத் தாளு கப்பல்ல வரலையாம். இருக்கிற மஞ்சள்ளயே கோர்ட்டு பாரத்தையும் அடிச்சுத் தள்ளுறாங்க. நேத்து நாங்க கலந்துபோட்டு ஓனர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டோம்."

ஊசியக்கா அந்தக் கட்டை மறுபடி எடுத்தாள். மேல் தாளில் பெட்டி மாதிரி ஒரு கட்டம், அதற்குக் கீழே ஏழு கோடு, கடைசியில் வலது பக்கம் ஒரு நீளக் கோடு. அந்த நீளக் கோட்டில்தான் அவள் பேரை எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரி பாரத்தில் பெட்டி கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்று அது கண்ணில் படவில்லை. நிறத்தைப் பார்த்தவள் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினாள். அங்கே பிழை திருத்துகிறவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் மூக்குக்கண்ணாடி. சாப்பாட்டு வேளையிலும் மை நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

"இதைப் படிச்சுச் சொல்லுங்க. ஒரு வரி விடாம."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினார். பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எதுக்கு உனக்கு?"

"படிங்கண்ணே."

"இன்னார் மகன் இன்னார் சித்தம் கலங்கினவர்னு நான் நம்புறேன். அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில அடைச்சு வைக்க உத்தரவு போடணும்னு மாஜிஸ்ட்ரேட்டைக் கேட்டுக்கிறேன். மனுதாரருக்கு என்ன உறவுன்னு ஒரு கோடு. கடைசியா எப்ப பார்த்தாருன்னு ஒரு கோடு, அது பதினாலு நாளுக்குள்ள இருக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்ப்பேன்னு ஒரு உறுதிமொழி." நிமிர்ந்தார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. அடகு வச்ச அண்டாவைக்கூட நம்ம ஆளுங்க அதுக்கு முன்னாடி போய்ப் பார்ப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து போட்டியா?"

தலையை ஆட்டினாள்.

"படிக்காமயா போட்ட?"

"மஞ்சளா இருந்துச்சுண்ணே," என்றாள். உலகத்தில் அந்த ஏழு பெண்களையும் அவரையும் தவிர வேறு யாருக்கும் அந்தப் பதில் புரிந்திருக்காது. மூக்குக்கண்ணாடிக்குப் புரிந்தது.

அந்தச் சட்டம் ஒரு விதத்தில் ஒழுங்கானதுதான். ஒருவனை அடைக்க ஒரு மனு வேண்டும், இரண்டு டாக்டர் சான்றிதழ் வேண்டும், ஒரு மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும். எல்லாவற்றுக்கும் பாரம் இருந்தது, கோடு இருந்தது, முத்திரைக்கு இடம் இருந்தது. அடைபடுகிறவன் என்ன சொல்கிறான் என்று எழுத ஒரு அங்குல இடம்கூட எந்தத் தாளிலும் இல்லை.

பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பார்க்க விடுவது மாசத்தில் முதல் வியாழக்கிழமை. அதற்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் தைத்துக்கொண்டே இருந்தாள். ஊசி விரலில் ஏறியது, வலி தெரியவில்லை.

பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்து உள்ளே விட்டு, அதைப் பூட்டிய பிறகுதான் இரண்டாவதைத் திறப்பார்கள். நடுவில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், நாமும் மாட்டிக்கொண்டோமோ என்று திரும்பிப் பூட்டைப் பார்த்தாள். பார்வையாளர் அறையில் மேஜை தரையோடு திருகி வைக்கப்பட்டிருந்தது. தம்பியைக் கூட்டி வந்தார்கள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எல்லோரும் போட்டிருந்த அதே சாம்பல் சட்டை.

"சாப்பிட்டியாக்கா?" என்றான்.

அவள்தான் அதைக் கேட்க வந்திருந்தாள். "சாப்பிட்டேன். நீ?"

"ம்."

"அடிக்கிறாங்களா?"

"இல்ல." கொஞ்சம் யோசித்து, "எனக்கு இல்ல" என்றான்.

யார் என்னை இங்கே அனுப்பினது என்று அவன் கேட்கப்போகிறான், கேட்கப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. நேரம் முடிந்ததும் எழுந்து போய்விட்டான்.

வெளியே வரும்போது ரைட்டரிடம் நின்றாள். ஆஸ்பத்திரி கணக்கு வழக்கு, கடிதம் எல்லாம் அவர் பொறுப்பு. எதையும் வெடுக்கென்று சொன்னாலும் சொல்லிவிடுகிற ஆள்.

"அவனை வெளிய எடுக்க என்னங்கய்யா பண்ணணும்?"

"மனு போட்டவங்க எழுதிக் கேட்டா விட்டுடணும். சட்டம் அப்படி. பெரிய டாக்டர் பாத்து, ஆபத்தான ஆளுன்னு எழுதினா மட்டும் விட மாட்டாங்க. நீ யாரு?"

"அக்கா."

"மனு யாரு போட்டது?"

அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீதானே போட்டிருக்க. அப்புறம் என்ன? எழுதிக் கொண்டா. டாக்டர் முன்னாடி, அவனையும் நிக்க வச்சுப் படிப்போம். இன்னார் மனு போட்டுச் சேர்த்தாங்க, இன்னார் கேட்டு விடுறோம்னு. அவன் துள்ளாம நின்னான்னா கூட்டிட்டுப் போ. துள்ளினான்னா ஆபத்தான ஆளுன்னு எழுதிடுவாரு. அப்புறம் நீ கேட்டாலும் கெடைக்காது" என்றார்.

சேர்த்தவளே இவள்தான் என்று அவன் முகத்துக்கு நேராகப் படிப்பார்கள். அதைக் கேட்டு அவன் கத்தினால், மேஜையைத் தட்டினால், அழுதால்கூட, அந்த ஒரு நிமிஷம் ஆயுள் முழுக்க ஆகிவிடும். யாராக இருந்தாலும் கத்தத்தானே செய்வார்கள். அவளாக இருந்தால் கத்தியிருப்பாள்.

அடுத்த மாச வியாழக்கிழமை எழுதிக் கொண்டு போகவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த காகிதம் அவள் பெட்டியில் துணிக்கு அடியில் இருந்தது. அதற்கடுத்த மாசமும் அது அங்கேயே இருந்தது. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். எது எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவனுக்கு இப்போது அமைதி வேண்டும், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று பசை தடவுகிறவளிடம் சொன்னாள். அவள், "தேறினவனை யாருக்கா அங்க வச்சிருப்பா" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவது தடவை போனபோது, பார்வையாளர் அறைக்குப் பின்னால் சலவைக் கொட்டகையில் ஏதோ குழாய் விட்டுக்கொண்டது போலிருக்கிறது, ஆவி பெரிதாகச் சீறியது. அவளே திடுக்கிட்டு எழுந்துவிட்டாள். காவலாள்கூடத் திரும்பிப் பார்த்தான். தம்பி திரும்பவில்லை. கைகளை மடியில் வைத்தபடி மேஜையின் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதா?" என்றாள் மெதுவாக.

"என்னது?"

"சத்தம்."

"ஒன்னும் கேக்கலியே," என்றான். சொல்லிவிட்டுக் காவலாளை ஒரு பார்வை பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் துணிக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்தாள். முதல் வியாழக்கிழமைக்குக் காத்திராமல் மறுநாளே போய் ரைட்டர் மேஜையில் வைத்தாள். நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். சிவந்த கழுத்து, பொறுமையான முகம். ரைட்டர்தான் மொழிபெயர்த்தார். தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பக்கமும் இரண்டு காவலாளை நிறுத்தினார்கள். ஊசியக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் கையையே பார்த்தாள். அந்தக் கை மூடினால் என்ன செய்வது, தானே எழுந்து போய்ப் பிடித்துக்கொள்வதா, பிடித்தால் அதுவும் ஆபத்து என்று எழுதுவார்களா என்று நினைப்பு எங்கெங்கோ ஓடியது.

ரைட்டர் படித்தார். "மேற்படி நபரின் உடன்பிறந்த அக்காவாகிய நான், அவருக்குச் சித்தம் கலங்கியதாக மனுக் கொடுத்து, என் கையெழுத்தின் பேரில் அவரை இந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பித்தேன். இப்போது…"

அதற்கு மேல் அவள் காதில் விழவில்லை. தம்பியின் கை அப்படியே தொங்கியது. விரல்கூட மடங்கவில்லை.

டாக்டர் ஏதோ கேட்டார். ரைட்டர் தம்பியிடம் திரும்பி, "இவங்க யாரு உனக்கு?" என்றார்.

"அக்கா."

"இவங்கதான் உன்னைச் சேர்த்தது. புரிஞ்சுதா?"

"சரிங்க."

"சத்தம் ஏதாவது கேக்குதா?"

"இல்லீங்க."

"இவங்களோட போறியா?"

"அனுப்பினா போறேங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். அவர் எழுதிய நேரம் ஒரு கட்டு தைக்கிற நேரம்கூட இருக்காது. ஆனால் அவளுக்கு அது பத்து கட்டு தைக்கிற நேரமாக இருந்தது. பிறகு அவர் தாளை அவள் பக்கம் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் எழுதிய முதல் எழுத்து கோட்டுக்கு வெளியே போனது.

இரண்டு கதவையும் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள். பழைய சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு அவள் ஆரம்பித்தாள். நீலத் தாள் கப்பலில் வராதது, நான்கு நாள் வேலைக்குப் போகாதது, மஞ்சள், பெட்டி, கோடு எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினாள்.

"தெரியும்," என்றான் அவன்.

"என்ன தெரியும்?"

"நீதான் போட்டேன்னு. உள்ள போன அன்னிக்கே படிச்சாங்க."

அவள் நடை நின்றது. "அப்புறம் ஏண்டா ஒரு தடவைகூட என்கிட்ட கேக்கல?"

அவன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னான். "பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரு, போட்டவங்க வந்து கேட்டாத்தான் விடுவாங்கன்னு. அவருக்கு அவரு பொண்டாட்டி போட்டது. பதினோரு வருஷம் ஆச்சு. முதல்ல வந்துட்டிருந்தாங்களாம். இவரு சண்டை போட்டிருக்காரு. அதுக்கப்புறம் வரல. நான் ஏதாவது கேட்டு, நீயும் வராம போயிட்டா?"

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துணிக்கு அடியில் காகிதம் கிடந்த மாசங்களில் அவள் அவனுக்குப் பயந்தாள். அவனும் அங்கே உட்கார்ந்து அவளுக்குப் பயந்துகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பயம் போகவில்லை. அவன் குழாய் எதையும் மூடவில்லை. கெட்டில் கொதித்தால் வேறு பக்கம் பார்த்தான். தெரு, "ஆள் குணமாயிட்டான்" என்றது. ஆனால் வாசல் படி தாண்டும்போதெல்லாம் நின்று, "அக்கா, வெளிய போகட்டுமா?" என்றான்.

"என்கிட்ட எதுக்குடா கேக்குற? நீ என்ன சின்னப் பிள்ளையா?"

அவன் நிற்பான். அவள் போ என்று சொன்ன பிறகுதான் கால் நகரும். அவள் எரிந்து விழுந்தால் போகாமலே உள்ளே வந்துவிடுவான். அதனால் எரிந்து விழாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். கடையில், ஊசி மழுங்கிவிட்டது என்று கேலி செய்தார்கள். அங்கே இப்போது நீலத் தாள் வந்துவிட்டது. ஆனாலும் அவள் நிறத்தை நம்புவதில்லை. சாப்பாட்டு வேளையில் மூக்குக்கண்ணாடியிடம் உட்கார்ந்து ஒவ்வொரு பாரத்திலும் மேல் வரியைப் படிக்கப் பழகினாள். மற்ற ஆறு பேரையும் இழுத்துக்கொண்டு போனாள். வராதவளைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

பத்து மாசம் இப்படிப் போனது. ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அவன் இல்லை. கொல்லையில் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டாள், பார்க்கவில்லை என்றார்கள். மில் வண்டி வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். மேஸ்திரி வந்தாரா என்று கேட்டாள். அவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

தெருக்கோடிக்கு ஓடினாள். பொதுக் குழாயடியில் அவன் நின்றுகொண்டிருந்தான். சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கிக்கொண்டிருந்தான். குடத்தோடு நின்ற ஒருத்தி, "போதும்யா, கைப்பிடி கழண்டு வந்துடப்போகுது" என்றாள். அவன் அவளுக்கு ஏதோ பதில் சொன்னான். அவள் சிரித்தாள்.

கேட்காமல் போயிருக்கிறான். ஊசியக்காவுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட வேண்டும் போலிருந்தது. யாராவது பார்த்துவிட்டால், யாராவது போய்ச் சொல்லிவிட்டால் என்று நினைத்தாள். இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகு திரும்பினாள். வீட்டுக்கு வந்து, கதவை அவன் விட்டுப்போனது போலவே சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து அவன் காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.